மூன்று பந்திகள்

தாழ் போட்டுக்கொள்ளக் கிளம்பும்போது பிரகாசி கணவரிடம் கடைசியாகக் கேட்டது, அடுப்பை அணைத்தாயிற்றா என்பது.

"அணைச்சாச்சு," என்றார் லெயோன்.

வேறு ஏதாவது பேசியிருக்கலாம். இருவருக்கும் அது தெரியும். ஆனால் படகு வந்துவிட்டது. படகு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீதிமன்ற மேடையில் இறங்கும்வரை லெயோன் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கருவி அரிசி அளவுதான். காதுக்குப் பின்னால் ஒரு கீறல், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவே. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. மக்கள் அதைத் தாழ் என்றார்கள்.

பிரகாசி அறையை விட்டு வெளியே வந்தாள். லெயோன் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் நங்கூரப் பிரிவின் தலைமைப் பொறியாளர், நிர்வாகத்தின் ஆள். அவர் காதில் தாழ் விழுந்து பல வருடம் ஆகியிருந்தது. நேற்றுவரை அவள் வெறும் வழக்கறிஞர், குடிமகள். அதனால் பேச்சுக்குத் தடையில்லை. இன்று அவள் நீதிபதி.

அவர் வாயைத் திறந்தார்.

அலை அடித்தது.

மிதக்கும் ஊரில் அலைச் சத்தம் எப்போதும் உண்டு. அவர் வாய் அசைந்தபோது அந்தச் சத்தம் கொஞ்சம் கூடியது. வாய் மூடியதும் குறைந்தது. முகம் தெளிவாகத் தெரிந்தது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அவர் இருமினார், இருமல் கேட்டது. சொல் மட்டும் சொல்லாக வந்து சேரவில்லை.

"வலிக்கல," என்றாள் அவள்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைக் கொடுத்தார்.

*

எட்டுத்துறைக் குடியரசு, கரை மூழ்கியபின் கடல்மேல் கட்டிய ஊர். இரும்பு மேடைகள், ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்தவை. ஒவ்வொரு மேடைக்கும் மூழ்கிப்போன ஒரு துறையின் பெயர். இப்போது மேடைகள் ஏழு. பெயரில் மட்டும் எட்டு.

ஆரம்பத்தில் எழுதிவைத்த அரசியலமைப்பு கிடையாது. வாக்கு சுத்தமாக இருந்தால் எழுத்து எதற்கு என்று அப்போதிருந்தவர்கள் நினைத்தார்கள். மரபு இருந்தது. சட்டம் செய்பவர் அதை நடத்தக் கூடாது. நடத்துபவர் நியாயம் சொல்லக் கூடாது. மூவரும் ஒட்டி உறவாடக் கூடாது. கல்யாண வீட்டில்கூட மூவருக்கும் தனித்தனிப் பந்தி.

ஒரு கல்யாணத்தில் மரபு தவறியது. அன்று மழை. பந்தல் ஒழுகி இடம் போதவில்லை. பேரவைத் தலைவரும் ஆட்சித் தலைவரும் தலைமை நீதிபதியும் ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பாயசத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு முடிவு எடுத்தார்கள். பெரும்புயல் வருகிறது, சங்கிலி எட்டு மேடைகளைத் தாங்காது என்பது பேச்சு. மறுநாள் காலை பேரவை சட்டம் செய்தது. மதியம் நிர்வாகம் சங்கிலியை அறுத்தது. மாலை நீதிமன்றம் அதை எதிர்த்து வந்த மனுவைத் தள்ளியது. எல்லாம் முறைப்படி நடந்தது.

எட்டாம் மேடை போன திசை தெரியவில்லை. அதில் பிரகாசியின் அக்கா இருந்தாள். அக்கா இடுப்பில் குழந்தை இருந்தது.

அதன்பிறகு அரசியலமைப்பை எழுதினார்கள். பந்தி விலக்கு ஒன்பதாம் பிரிவானது. எழுதிய எழுத்தை மீறினார்கள்; பந்தியில் பேசாததைப் படகில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான், அதே ஒன்பதாம் பிரிவின் கீழ், தாழ் வந்தது. பேரவை, நிர்வாகம், நீதிமன்றம் மூன்றும் அரசின் கிளைகள்; ஒரு கிளையின் ஆள் பேசுவதும் எழுதுவதும் மற்றக் கிளையின் ஆளுக்குச் சொல்லாகச் சேராது. சட்டமும் ஆணையும் தீர்ப்பும் யார் பெயரும் இல்லாமல் அச்சாகி வரும். யாருடைய சொல்லும் இல்லை என்பதால் எல்லாரும் படிக்கலாம். இடையில் ஒரு குடிமகன் வாய்ச்சொல்லைக் கடத்தினால் சிறை.

பிரகாசி இதையெல்லாம் நம்பினாள். நம்பியதால்தான் பதவியை ஏற்றாள்.

"எத்தனை வருஷம்?" என்று முதல் நாளே கேட்டார் கொர்னேலியு. நீதிமன்றத்தில் மூத்தவர். தேநீரில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிறவர்.

"எங்க வீட்டுல அவியளுக்கு அறுபது ஆக ஒன்பது வருஷம் இருக்கு. அவிய ஓய்வு பெற்றா குடிமகன்தான. அப்புறம் கேக்கும்."

"அவரு முன்னாடியே விலகிட்டா?"

"விலகினாலும் அறுபது வரைக்கும் தாழ் கழறாதுல்லா."

"கழறாது. கழறினா காலையில ராஜினாமா, மத்தியானம் பேச்சுவார்த்தை, சாயங்காலம் மறுபடி பதவின்னு ஆயிரும். நல்ல சட்டம்மா அது. நான்தான் தீர்ப்பு எழுதினேன்." ரொட்டி தேநீருக்குள் உடைந்து விழுந்தது. "நல்ல சட்டந்தான்," என்றார் மறுபடியும்.

*

மூன்றாம் வருடம் மகள் அமலிக்குக் கல்யாணம்.

பந்தல் பெரிதாகப் போட்டார்கள். மூன்று பந்திகள், நடுவே ஆள் போகும் அளவு இடைவெளி. பெண்ணின் அப்பா நிர்வாகப் பந்தியில். பெண்ணின் அம்மா நீதிமன்றப் பந்தியில். பேரவைப் பந்தியில் அவர்கள் வீட்டு ஆள் யாருமில்லை. அதுவரை இல்லை.

பெண்ணைப் பெற்றவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது வழக்கம். லெயோன் எழுந்தார். பிரகாசிக்கு அலை கேட்டது. நீளமான அலை. நடுவில் கூட்டம் சிரித்தது. பந்தலே குலுங்கியது. அவள் பக்கத்தில் இருந்த செபஸ்தியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் நீதிமன்றத்தில் தண்ணீர் வைப்பவள்; பதவி எதுவும் இல்லாததால் குடிமகள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டாள் பிரகாசி.

"ஆத்தாடி! நான் சொல்லுவேன், நீங்களே என்னைப் பிடிச்சு உள்ள போடவா?"

"என்னைப் பத்தியா?"

செபஸ்தியம்மா இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினாள். "உங்களைப் பத்தித்தான். மோசமா ஒண்ணுமில்ல. அதுக்கு மேல கேக்காதீக."

லெயோன் இந்தப் பக்கம் பார்த்தார். பிரகாசி சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு வந்த சிரிப்பு. அவர் தலையை ஆட்டினார். போதும், புரிந்தது என்பது போல.

தலையாட்டல் அப்போது இருந்தது. அதை வைத்தே மூன்று வருடம் ஓட்டியிருந்தார்கள். காலையில் அவர் டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்; அவள் தலையாட்டினால் தேநீர். அவள் கதவைக் காட்டுவாள். அவர் தலையாட்டினால் பூட்டியாயிற்று. ஒரு குடும்பம் நடத்த ஆமாவும் இல்லையும் ஓரளவு போதும். மீதியை அவரவர் ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதில்லை. ஒன்பதாம் பிரிவின் பந்தி விலக்கு பொதுப் பந்திக்குத்தான். வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தவள் பிரகாசி. அவர் முதலில் சாப்பிடுவார். அவள் பிறகு.

*

கல்யாணமான மறு வருடம் அமலி வந்தாள். கையில் மீன் பொட்டலம். அதைக் கழுவக்கூட இல்லை, வந்ததும் பேச்சை எடுத்தாள்.

"நான் பேரவைக்கு நிக்கப்போறேம்மா."

"என்னத்துக்கு?"

"ஒன்பதாம் பிரிவைத் தூக்க."

பிரகாசி மீனை வாங்கி மூடி வைத்தாள். "ஏட்டி, உங்க பெரியம்மா எப்படிப் போனான்னு தெரியும்லா."

"தெரியும். பெரியம்மாவைக் கொன்னது பேச்சு இல்லம்மா. மூணு பேரு. அந்த மூணு பேரு காதை அடைக்காம ஊர் காதை எல்லாம் அடைச்சு வெச்சிருக்கீக."

"அடைச்சது யாரு? ஊருதான் ஓட்டுப் போட்டுச்சு."

"இப்பவும் ஊருதான் போடப்போவுது."

"ஜெயிச்சா உனக்கும் தாழ் போடுவாவ. உன் பேச்சும் எனக்குக் கேக்காது. அப்பாவுக்கும் கேக்காது."

அமலி இதை யோசித்து வைத்திருந்தாள். "ஒரு வருஷம்மா. திருத்தம் வந்திரும். அப்புறம் மூணு பேரும் உட்கார்ந்து சண்டை போடுவோம்."

அவள் ஜெயித்தாள். பிரமாணம் எடுக்கும் நாள் அம்மாவைக் கட்டிப்பிடித்து நிறையப் பேசினாள். பிரகாசி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மகள் உள்ளே போனாள்.

திருத்தம் செய்யும் வழி நாற்பதாம் பிரிவில் இருந்தது. அரசியலமைப்பைச் சும்மா மாற்றிவிடக் கூடாது என்று கடினமாகவே வைத்திருந்தார்கள். மூன்று கிளைகளும் ஓர் அவையில் கூட வேண்டும். திருத்தத்தைக் கொண்டுவருபவர் சொல்வதை மற்றக் கிளையினர் நேரில் கேட்க வேண்டும். கேட்டபின் முக்கால் பங்கினர் இசைய வேண்டும்.

ஒன்பதாம் பிரிவை எழுதியதும் இவர்கள்தான். நாற்பதாம் பிரிவை எழுதியதும் இவர்கள்தான். எழுதும்போது தாழ் கிடையாது. தாழ் வந்தபோது நாற்பதாம் பிரிவை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அவை கூடியது. அமலி எழுந்து நின்றாள். புதுச் சேலை, கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தாள். பேசினாள். அலை அடித்தது. கை ஆட்டினாள், நெஞ்சில் கை வைத்தாள், குரல் உயர்ந்திருக்க வேண்டும், அலை உயர்ந்தது. பேரவைக்காரர்கள் சிலர் அழுதார்கள். நிர்வாகப் பந்தியில் லெயோன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவை நடத்துபவர் ஒரு குடிமகன். வயதானவர். சட்டத்தில் இருந்த கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உறுப்பினர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்கவில்லை," என்றார் கொர்னேலியு.

"உறுப்பினர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

பிரகாசி மகளைப் பார்த்தாள். சத்தியத்தின்மேல் கேட்கும் கேள்வி அது. நீதிபதி பொய் சொன்னால் அப்புறம் யாரைத் தண்டிப்பது?

"கேட்கவில்லை."

அமலிக்கு அந்தச் சொல் சேராது. ஆனால் அவை நடத்துபவர் உதட்டைப் பிதுக்கி எழுதிக்கொண்டதை அவள் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

*

அடுத்த வருடம் வழக்கு வந்தது.

பேரவையில் சுருக்கெழுத்து எழுதும் ஒரு பெண். கடற்காவலில் ஒரு பையன். பதவிக்கு வரும்முன்பே நிச்சயமானவர்கள். தினமும் மாலை இரண்டு மேடைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலின் இரு பக்கமும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். யாரோ புகார் கொடுத்தார்கள். கிளைகளுக்கிடையே சட்டவிரோதத் தொடர்பு என்று குற்றச்சாட்டு. அவர்கள் பதிலுக்கு மனுப் போட்டார்கள். கோரிக்கை இரண்டு. ஒன்பதாம் பிரிவைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். முடியாவிட்டால், தலையாட்டல் பேச்சில் சேராது என்றாவது சொல்ல வேண்டும்.

"நான் விலகிக்கிடுதேன்," என்றாள் பிரகாசி. "தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாதுல்லா. எனக்கு வீட்டுல ரெண்டு பேரு."

"எல்லாரு காதுலயும்தான் தாழ் இருக்கு," என்றார் கொர்னேலியு. "எல்லாரும் விலகினா வழக்கு அந்தரத்துல நிக்கும். வேற வழியில்லாதப்போ ஒருத்தர் உட்காரலாம். அவசியம்னு அதுக்குப் பேரு."

"அப்போ நீங்க உட்காருங்க. உங்களுக்குத்தான் யாருமில்லியே."

"அதனாலதான் கூடாது. கட்டை பிரம்மச்சாரிக்கு என்ன தெரியும்னு கேப்பாவ. நீங்க உட்காருங்கம்மா. வலிக்கிறவங்க சொன்னாத்தான் ஊரு நம்பும்."

அவள் உட்கார்ந்தாள்.

முதல் கோரிக்கை சீக்கிரம் முடிந்தது. அதிகாரப் பிரிவினை அரசியலமைப்பின் அடித்தளம். அடித்தளத்தைப் பேரவையே அசைக்க முடியாதபோது நீதிமன்றம் அசைக்க முடியாது. அதை எழுத அவளுக்குத் தயக்கமில்லை. தயக்கம் இரண்டாவதில்.

மனுதாரர்களின் வழக்கறிஞர் மெல்கியோர். கட்சிக்காரர் சொல்லை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வழக்கறிஞருக்கு மட்டும் அனுமதி உண்டு. பேச்சில் கெட்டிக்காரர்.

"கனம் நீதிபதி அவர்களே, தலையாட்டுறது ஒரு பேச்சா? பூம்பூம் மாடுகூடத்தான் தலையாட்டும். அதைக் கூண்டுல ஏத்துவோமா?"

நீதிமன்றம் சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பிள்ளை தலையாட்டினதும் இந்தப் பையனுக்கு என்ன தெரிஞ்சுது?"

"பெருசா என்ன அம்மா... சாப்பிட்டாளா இல்லையான்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதுல்லா?"

மெல்கியோர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். கெட்டிக்காரர் என்பதால் எங்கே விழுந்தார் என்பது அவருக்கு உடனே தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க பிரகாசி வீட்டில் லெயோனைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். டம்ளரைத் தூக்கிக் காட்டினால் குனிந்துகொண்டாள். வழக்கை யோசித்தாள். தலையாட்டலை அனுமதித்தால் நாளை ஊர் என்ன சொல்லும்? புருஷனுக்காகச் செய்தாள் என்று சொல்லும். அது போகட்டும். அக்காவின் மேடையைப் பற்றி யோசித்தாள். அந்தப் பந்தியில் மூன்று பேரும் எவ்வளவு பேசியிருப்பார்கள்? ஒருவர் கேட்டிருப்பார். மற்ற இருவரும் தலையாட்டியிருப்பார்கள்.

சங்கிலியை அறுக்க ஒரு தலையாட்டல் போதும் என்று எழுதினாள். தலையாட்டலும் சொல்தான்.

தீர்ப்பை வாசித்த நாள் அமலி பார்வையாளர் வரிசையில், பேரவைக்கான பந்தியில் இருந்தாள். வாசித்து முடித்ததும், கையிலிருந்த தீர்ப்பின் அச்சுத்தாளை மடித்துவிட்டு எழுந்தாள். ஒரே ஒரு சொல் சொன்னாள். உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. எந்தப் பிள்ளையும் முதலில் கற்கும் சொல் அது. பிரகாசிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன அலை ஒன்று அடித்து ஓய்ந்தது.

மறுநாள் காலை பிரகாசி தேநீர் போட்டாள். டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். நாள் கணக்கில் முகம் கொடுக்காததற்குச் சமாதானமாக, ஒரே ஒரு முறை. லெயோன் தீர்ப்பைப் படித்திருந்தார். மேசையில் அச்சுத்தாள் கிடந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை அசைத்தார்.

அவள் பார்த்தாள். தலை அசைந்தது தெரிந்தது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதும் தெரிந்தது. ஆனால் அது ஆமாவா இல்லையா என்பது வந்து சேரவில்லை. கொடியில் துணி ஆடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

இவ்வளவு சீக்கிரமாகவா என்று நினைத்தாள். எங்கிருந்தோ தாழை மாற்றிவிட்டார்கள். வேலையைச் சுத்தமாகச் செய்கிறார்கள்.

டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அது காலியாக இருந்தது. அவர் குடித்தாரா, கொட்டினாரா தெரியவில்லை.

*

மீதி வருடங்கள் போயின. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வாழப் பழகினார்கள். அவர் மீனைச் சுத்தம் செய்து வைத்தால் குழம்பு. வைக்காவிட்டால் ரசம். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கட்டிலருகே உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். அவள் அலையைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள். சில சமயம் அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள். "அணைச்சாச்சு" என்பது மட்டும் கிடைக்கும். அதிலும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

லெயோனுக்கு அறுபது ஆனது. மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றார். பிரகாசி புதுச் சேலை கட்டியிருந்தாள். அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

இனி அவர் குடிமகன்.

அவர் வாயைத் திறந்தார். அலை அடித்தது.

நிர்வாகப் பட்டியலிலிருந்து அவர் பெயரை இன்னும் நீக்கவில்லை போலும் என்று நினைத்தாள். நாளைக்கு நீக்குவார்கள். மறுநாளும் அலை. அதற்கு மறுநாளும். அந்த வார இறுதியில் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

டாக்டர் இம்மானுவேல் இளைஞர். சுறுசுறுப்பானவர். காதுக்குப் பின்னால் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மற்றக் காதையும் பார்த்தார், அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.

"உட்காருங்கம்மா," என்றார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள்.

"பழுதா?"

"பழுது இல்ல. நின்னுபோச்சு. நின்னு ஏழு வருஷம் இருக்கும்."

"என்னது?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. அதைச் செய்தவங்க ரெண்டு வருஷத்துக்குத்தான் செய்தாங்க. ரெண்டு வருஷம் தடுத்தா அப்புறம் மூளையே பழகிக்கிடும். யார் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும். கருவி தேவையில்ல."

பிரகாசி சுவரைப் பார்த்தாள். சுவரில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி பற்றிய படம் இருந்தது.

"இல்ல டாக்டர். எனக்கு அஞ்சாம் வருஷம் அதை மாத்தினாவ. தலையாட்டலும் புரியாதபடிக்கு. தீர்ப்பு வந்த மறுநாளே மாத்திட்டாவ."

"யாரு மாத்தினது?"

"தூரத்துல இருந்து..."

"மாத்தணும்னா அதுல உயிர் இருக்கணுமேம்மா. அப்போ அது செத்து மூணு வருஷம் ஆகியிருக்கும்."

டாக்டர் கைகளைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

"அவியளுக்கு?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல அவியளுக்கு எப்போ நின்னுச்சு?"

"ஐயா ரொம்ப முன்னாடியே போட்டவரு. நீங்க பதவி ஏக்கும்போதே அவருது நின்னுதான் இருந்திருக்கும்."

"அன்னைக்கு நான் அவியகிட்ட ஒண்ணு சொன்னேன். வலிக்கலன்னு."

டாக்டர் கையைத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். "காது வரைக்கும் போயிருக்கும்மா. நீங்க நீதிபதின்னு அவருக்குத் தெரியும்ல. அங்கயே நின்னிருக்கும்."

"இது எப்போ சரியாகும்?"

"சரியானவங்களை நான் இன்னும் பார்க்கல. எனக்கு முன்னாடி இருந்தவரும் பார்க்கலன்னுதான் சொன்னாரு."

"யாருகிட்டயாவது சொன்னியளா?"

"பேரவையில போய்ச் சொன்னேன், போன வருஷம். எல்லாரும் கேட்டாங்க. உங்க மகதான் முதல்ல எழுந்திருச்சுப் பேசினாங்க."

"என்ன பேசினா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அதை உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதேம்மா."

ஆமாம், சொல்லக் கூடாது. அமலி இன்னும் பேரவைதான். கருவி செத்தாலும் பிரிவு சாகவில்லை.

"நீதிமன்றத்துக்கு ஏன் வரல?"

"வந்தேன். பாதிக்கப்பட்டவங்கதான் மனுப் போடணும்னு திருப்பிட்டாங்க. நான் குடிமகன். என் காதுல ஒண்ணும் இல்லையே. இப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. நீங்க ஏதாவது..."

"முடியாது," என்றாள். "நீதிபதி வழக்குல வந்ததை வெச்சுத்தான் பேசலாம். வெளியில தெரிஞ்சுக்கிட்டதை வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது."

அதுவும் நல்ல சட்டம்தான். எல்லாமே நல்ல சட்டம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. அவளே பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"எடுத்துரவா அதை?" என்று கேட்டார் டாக்டர். "சும்மாதான கிடக்கு."

"பதவியில இருக்கிறவரைக்கும் எடுக்கக் கூடாதுல்லா?"

"கூடாதுதான்."

"அப்போ கிடக்கட்டும்."

*

வீட்டுக்கு வரும்போது மதியம். லெயோன் சமைத்து வைத்திருந்தார். ஓய்வுபெற்றபின் சமையல் அவருடையது. தரையில் ஓர் இலை போட்டிருந்தார். இனி அவளுடைய முறை என்பதுபோலத் தள்ளி நின்றார்.

பிரகாசி இன்னோர் இலையை எடுத்து வந்தாள். முதல் இலைக்குப் பக்கத்தில் போட்டாள். நடுவே இடம் விடவில்லை. உட்கார்ந்து, அவரைப் பார்த்துப் பக்கத்துத் தரையைத் தட்டினாள்.

அவர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். தோள் தோளில் பட்டது.

சோறு. நெத்திலிக் குழம்பு. அவர் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். நின்றார். அவள் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். பெரிய பேச்சு இல்லை. இரண்டு மூன்று சொல் இருக்கும்.

அது அலை இல்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். அவர் குரல் காற்றைக் கடந்து அவள் காதுக்குள் வருகிறது. முழுதாக வருகிறது. எந்தத் தடையும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கவனித்தாள்.

அலை அடித்தது.

அவள் தன் இலையில் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். குழம்பில் உப்பு குறைவு. எட்டி உப்புச் சாடியை எடுத்தாள். அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"உப்பா?" என்றாள். "உப்புத்தான கேட்டீக?"

லெயோன் அவள் வாயையே பார்த்தார். பிறகு சாடியைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

தலையை அசைத்தார்.

அவள் சாடியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். அவர் மறுபடியும் அசைத்தார், இந்தமுறை நிதானமாக, நன்றாகத் தெரியும்படி. அவளும் நன்றாகத்தான் பார்த்தாள்.